மேடையேறும் மௌனம்

அறத்தைப் பாடமாக நடத்த முடியுமா என்பது பழைய வினா. முடியும் என்று நம்புவோர் வழக்கமாகச் செய்வது ஒன்றுண்டு. நல்ல சொற்கள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, அழகிய எழுத்தில் வரைந்து, வகுப்பறைச் சுவரில் மாட்டிவிடுவர். அமெரிக்க நாட்டின் குவேக்கர் பள்ளிகளில் இவ்வாறு வழங்கும் சொற்கள் ஆறு: எளிமை, அமைதி, நேர்மை, கூட்டுவாழ்வு, சமத்துவம், பொறுப்பாண்மை. இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘மசாலாப் பொருள்கள்’ என்று பொருள்படும் சொல் கிடைக்கிறது. மாணவர் மனத்தில் எளிதில் பதியட்டும் என்று செய்த ஏற்பாடு இது. பதிகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மசாலா மட்டும் பசியாற்றுமா? உலையில் அரிசி வேண்டாமா?

அந்த அரிசி, வரலாறு. சொற்களாய் உறைந்துபோன அறங்கள் ஒரு காலத்தில் மனிதர் எடுத்த முடிவுகளாய் இருந்தன. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன விலை கொடுத்து எடுத்த முடிவுகள் அவை. அவற்றைப் பிள்ளைகள் மீண்டும் தம் உள்ளத்தில் எடுத்துப் பார்க்க வகை செய்வதே கல்வி. அதற்கு வகுப்பறை நாடகத்தைப் போன்ற கருவி வேறில்லை என்பது நம் கருத்து. அதே நாடகம், முன்னோருக்கு ஒளிவட்டம் சூட்டும் அணிவகுப்பாய் மாறுமானால், அதைப் போன்ற கேடும் வேறில்லை. இவ்விரண்டையும் இங்கே வழக்காடிப் பார்க்க விரும்புகிறோம்.

குவேக்கர் யார் என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், உள்நாட்டுப் போரால் குலைந்து கிடந்த இங்கிலாந்தில், ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) என்பவரின் போதனையால் எழுந்த கிறிஸ்தவ இயக்கம் அவர்களுடையது. ஆண்டவர் தம் சீடரை நண்பர் என்று அழைத்ததை நினைவில் இருத்தி, தங்களை ‘நண்பர்கள்’ என்றே அவர்கள் அழைத்துக்கொண்டனர். ‘குவேக்கர்’, அதாவது நடுங்குவோர் என்பது, 1650-இல் டார்பி நகர நீதிபதி ஒருவர் ஏளனமாய் இட்ட பெயர். குருத்துவமும் வெளிப்படையான அருளடையாளங்களும் அவர்களிடம் இல்லை. ஒவ்வொரு மனிதருள்ளும் இறைவனின் ஒளி உண்டென நம்பி, மௌனத்தில் கூடியமர்ந்து காத்திருப்பதே அவர்களுடைய வழிபாடு. ஆணையிட மாட்டார்கள், ஆயுதம் ஏந்த மாட்டார்கள், எவர் முன்னும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். நற்கருணையை வாழ்வின் ஊற்றாகக் கொண்ட நாம் அவர்களோடு உடன்படாதவை பல. ஆயினும் மனச்சான்றுக்காகச் சிறை சென்ற ஒரு கூட்டத்தின் வரலாற்றிலிருந்து கற்க மறுப்பது, கத்தோலிக்கம் என்னும் சொல்லின் பொருளையே குறுக்குவதாகும்.

வியப்பு என்னவெனில், இந்த நண்பர்கள் நாடகத்தை அடியோடு வெறுத்தவர்கள். வில்லியம் பென் 1669-இலும், ராபர்ட் பார்க்ளே 1676-இலும் வெளியிட்ட நூல்களில் நாடகம் வீண் கேளிக்கை என்று கண்டிக்கப்பட்டது. பென் நிறுவிய பென்சில்வேனியா குடியேற்றத்தின் 1682-ஆம் ஆண்டுச் சட்டம் நாடகங்களைத் தண்டனைக்குரியவையாகவே ஆக்கிற்று. திருச்சபையோ வேறு வழியில் நடந்திருந்தது. அசிசியின் புனித பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ சிற்றூரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். சேசு சபையாரின் கல்லூரிகளில், குவேக்கர் தோன்றுவதற்கு நூறாண்டுக்கு முன்பே, நாடகம் கல்வியின் அங்கமாயிற்று. அப்படியிருக்க, அந்த முன்னோரின் வழியில் வந்த பள்ளிகளிலேயே இன்று நாடகத்தின் வாயிலாகக் குவேக்கர் வரலாறு கற்பிக்கப்படுவது காலத்தின் குறும்பு. பிரித்தானிய குவேக்கர் 1978-இல் தமக்கென ஓர் இளைஞர் நாடகக் குழுவையே தொடங்கினர்.

முன்னோரின் அச்சத்தை எள்ளி நகையாடிக் கடந்துபோக நாம் விரும்பவில்லை. அதில் ஓர் உண்மை இருந்தது. தன்னிடம் இல்லாத உணர்ச்சியை இருப்பதாகக் காட்டுவதும், தான் அல்லாத ஒருவனாய்க் கைதட்டல் பெறுவதும் நேர்மைக்கு மாறு என்று அவர்கள் கருதினர். ஆண்டு விழாவில் தலைகொள்ளாத தொப்பியும் சாம்பல் நிற ஆடையும் அணிவித்து, மனப்பாடம் செய்த வசனத்தை ஒப்பிக்கச் செய்யும் நாடகங்களைக் காணும்போது, அந்தப் பழைய பார்க்ளே சொன்னது சரிதானோ என்று நமக்கும் தோன்றுகிறது. அங்கே பிள்ளை கற்பது அறமன்று, அறவோரைப்போல் நிற்கும் நிலை மட்டுமே.

வகுப்பறை நாடகம் என்று நாம் சொல்வது இதையன்று. இங்கிலாந்தில் டோரத்தி ஹீத்கோட் (1926–2011) என்னும் ஆசிரியை வளர்த்தெடுத்த முறை ஒன்றுண்டு. அதில் பார்வையாளர் இல்லை, கைதட்டல் இல்லை, எழுதி வைத்த வசனமும் இல்லை. ஆசிரியரே ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பிள்ளைகள் நடுவே வந்து நிற்பார். பிள்ளைகள் அந்தச் சூழலுக்குள் நின்று, ‘நாங்கள் என்ன செய்யப்போகிறோம்?’ என்று தமக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும். முடிவு முன்கூட்டித் தெரியாது. இதில் பொய் எங்கே இருக்கிறது? பிள்ளையின் தயக்கம் மெய்யானது, தேர்வும் மெய்யானது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1670-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். இலண்டன் கிரேஸ்சர்ச் தெருவிலுள்ள குவேக்கர் கூடத்தைப் படைவீரர் பூட்டிவிட்டனர். அரசத் திருச்சபைக்குப் புறம்பான வழிபாட்டுக் கூட்டங்கள் சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தன. வில்லியம் பென், 25 வயது இளைஞர், தெருவில் நின்றே பேசினார். அவரும் வில்லியம் மீட் என்பவரும் கைதாகிச் செப்டம்பரில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். வாயிலில் காவலர் ஒருவர் அவர்களுடைய தொப்பிகளை எடுத்துவிட்டார். நீதிமன்றமோ தொப்பியை மீண்டும் அணிவிக்கச் சொல்லி, அணிந்த பின், ‘மன்றத்தில் தொப்பி அணிந்தீர்கள்’ என்று அதற்கே அபராதம் விதித்தது! எந்த நாடகாசிரியரும் இதைவிடக் கூரிய காட்சியைப் புனைந்துவிட முடியாது.

தொப்பியில் என்ன இருக்கிறது என்று இன்றைய ஆங்கிலேயப் பிள்ளை கேட்கும். அவர்கள் எல்லாரையும் ஒருமையில் விளித்ததும் அப்பிள்ளைக்கு எளிதில் புரியாது. ஏனெனில் அதன் மொழியில் ஒருமை, பன்மை விளிகளின் வேறுபாடு வழக்கொழிந்து போயிற்று. தமிழராகிய நமக்கு விளக்கமே தேவையில்லை. நீதிபதியைப் பார்த்து ஒருவன் ‘நீ’ என்று சொன்னால் மன்றத்தில் என்ன நடக்கும் என்பதை நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறியும். யாரை ‘நீ’ என்பது, யாரை ‘நீங்கள்’ என்பது, யார் முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது என்பதில் ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லாலும் தொப்பியாலும் மறுத்தவர்கள் குவேக்கர். ‘சமத்துவம்’ என்று சுவரில் எழுதுவது எளிது. அதை வாய் திறந்து சொல்லும்போது தொண்டை வறளும் என்பதை நாடகத்தில் அந்தக் குற்றவாளிக் கூண்டில் நின்றால்தான் பிள்ளை அறியும்.

ஆயினும் நாம் அழுத்திச் சொல்வது இதுதான்: அந்த வழக்கின் மையப் பாத்திரம் பென் அல்லர், நடுவர் குழுவில் அமர்ந்திருந்த பன்னிருவரே. அவர்கள் குவேக்கர் அல்லர். நகரத்துச் சாதாரண மனிதர். பென் தெருவில் பேசியது உண்மை என்றனர். அது கலகம் என்று தீர்ப்புச் சொல்ல மறுத்தனர். உணவும் நீரும் நெருப்பும் இன்றி இரண்டு இரவுகள் அவர்கள் அடைத்து வைக்கப்பட்டனர். மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பப்பட்ட பின்னரும் ‘குற்றவாளி அல்லர்’ என்றே தீர்ப்பளித்தனர். ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. எட்வர்ட் புஷெல் என்பவரும் வேறு சிலரும் அதைச் செலுத்த மறுத்துச் சிறையிலேயே இருந்தனர். அவர்கள் தொடுத்த முறையீட்டில், மனச்சான்றின்படி தீர்ப்புச் சொன்னதற்காக நடுவரைத் தண்டிக்கலாகாது என்று தலைமை நீதிபதி வாகன் அவ்வாண்டிலேயே விதித்தார். ஆங்கிலச் சட்டத்தின் தூண்களுள் ஒன்று இவ்வாறு எழுந்தது.

இதை வகுப்பில் நிகழ்த்தும்போது பன்னிரண்டு பிள்ளைகளை மூடிய அறையில் அமர்த்தி, ஆசிரியரே இலண்டன் மேயராய் வந்து மிரட்டட்டும். முதலில் தளர்பவர் யார்? ‘வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், கையெழுத்திட்டுவிட்டுப் போகலாம்’ என்று சொல்பவர் யார்? அவரைக் கோழை என்று ஏசாமல் வாதாடி நிறுத்துபவர் யார்? ‘நேர்மை’ என்னும் சொல்லின் பொருள் அந்த அறையில் கிடைக்கும். சுவரில் கிடைக்காது.

இனி நம் கண்டனத்துக்கு வருவோம். குவேக்கர் வரலாற்றை மேடையேற்றுவோர் பலருக்கும் விருப்பமானவை, தியாகக் காட்சிகள்: 1660-இல் பாஸ்டன் நகரில் தூக்குமரம் ஏறிய மேரி டயர், 1813-இல் நியூகேட் சிறைக்குள் துணிந்து நுழைந்த எலிசபெத் ஃப்ரை. இவை காட்ட வேண்டியவையே. ஆனால் இவை மட்டுமே காட்டப்படுமானால் பிள்ளை கற்கும் பாடம் என்ன? ‘நம்மவர் என்றும் நல்லவர், துன்புறுத்தியவர் எல்லாம் பிறர்’ என்பதுதானே? உண்மையைத் தலையாய அறமாகக் கொண்ட ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பாதி உண்மையைக் கற்பிப்பது எத்தகைய முரண்!

மறுபாதியைப் பாருங்கள். 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர், அடிமை முறை கிறிஸ்தவத்துக்கு அடுக்காது என்று கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பம் எழுதினர். அதை மாதக் கூட்டம் படித்தது, தன் பொறுப்புக்கு மிஞ்சிய பெரும்பொருள் என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் முடிவெதுவும் செய்யாமல் ஒதுக்கி வைத்தது. யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. எல்லாம் அமைதியாக, மரியாதையாக, மௌன செபத்தோடு நடந்தது. பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் தன் உறுப்பினர் அடிமைகளை வைத்திருக்கலாகாது என்று முடிவாக விதித்தது 1776-இல். இடையே கழிந்தவை 88 ஆண்டுகள். சமயச் சுதந்திரத்தின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தவர்.

அந்த 88 ஆண்டுகளின் நடுவில் நின்ற ஒருவர் பெஞ்சமின் லே. குள்ள உருவினர், முதுகு வளைந்தவர், வளையாத நாவினர். 1738-இல் பர்லிங்டனில் கூடிய ஆண்டுக் கூட்டத்துக்கு அவர் போர்வைக்குள் படைவீரர் உடையும் வாளும் மறைத்துக்கொண்டு வந்தார். உள்ளே குடைந்த ஒரு புத்தகத்தில் செந்நிறப் பழச்சாறு நிரம்பிய பையை வைத்திருந்தார். அடிமை வைத்திருப்போர் தம் சக மனிதரின் இதயத்தைக் குத்துகின்றனர் என்று முழங்கி வாளால் அதைக் குத்த, அருகிலிருந்தோர் மீது ‘இரத்தம்’ தெறித்தது. நாடகத்தை வெறுத்த சமூகத்தில் தோன்றிய மிகச் சிறந்த நாடகம் அதுவே. அவரைத் தூக்கி வெளியே விட்டனர், உறுப்பினர் நிலையினின்றும் நீக்கினர். அவரை விலக்கிய கூட்டங்கள் அவரோடு தங்கள் ஒன்றிப்பை அறிவித்தது அண்மை ஆண்டுகளில்தான்.

லேயாக நடிக்கப் பத்துப் பிள்ளைகள் போட்டியிடுவர். அவரைத் தூக்கி வெளியே எறிந்தவர்களாக நடிப்பது யார்? ஜெர்மன்டவுன் விண்ணப்பத்தை வாசித்து, கண்ணியமாக மடித்து வைத்தவர்களாக நடிப்பது யார்? வகுப்பில் பெரும்பாலோர் அமர வேண்டிய இடம் அதுதான். ஏனெனில் வாழ்க்கையில் நம்மில் பெரும்பாலோர் அமர்ந்திருப்பதும் அங்கேதான். ‘இப்போது காலம் கனியவில்லை’, ‘இது நம் மட்டத்தில் முடிவு செய்யத்தக்கதன்று’ என்னும் வாக்கியங்களைப் பிள்ளை தன் வாயாலேயே சொல்லிப் பார்க்கட்டும். அவை எவ்வளவு இயல்பாக வருகின்றன என்று கண்டு அது திடுக்கிடட்டும். அந்தத் திடுக்கிடலே அறக்கல்வியின் முதற்படி.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். உண்மையைக் காட்டுவதாகச் சொல்லி, வகுப்பில் அடிமைச் சந்தை நடத்தி ஒரு பிள்ளையை ஏலமிடுவது கொடுமை. கட்டும் கசையும் நடிப்புக்குரியவை அல்ல. துன்புற்றோரின் வேதனையை விளையாட்டாக்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை. ஆராய வேண்டியது, முடிவெடுத்தோரின் மனத்தை. அத்துடன், காட்சி முடிந்தவுடன் ‘நீதி என்ன?’ என்று கேட்டுப் பலகையில் எழுதிப் போடுவதும் வீண். குவேக்கர் மரபே இதற்கு நல்வழி காட்டுகிறது: சிறிது நேரம் எல்லாரும் மௌனமாய் அமரட்டும். பேசத் தூண்டப்படுபவர் எழுந்து பேசட்டும். மேடையேறிய மௌனம் மீண்டும் உள்ளத்துக்குள் இறங்கும் வேளை அது.

‘பிறர் வீட்டுக் குற்றங்களை எடுத்துரைப்பது எளிது’ என்று வாசகர் சிலர் சொல்லக்கூடும். நியாயமான கேள்விதான். ஆகவே, நம் வீட்டுக்குள்ளும் வருவோம்.

1658-ஆம் ஆண்டின் இறுதியில் கேத்தரின் எவன்ஸ், சாரா சீவர்ஸ் என்னும் இரு குவேக்கர் பெண்கள், அலெக்சாந்திரியா செல்லும் வழியில் மால்ட்டா தீவில் இறங்கினர். தங்கள் நம்பிக்கையைப் பேசிய அவர்களைப் பிடித்து வைத்தது வேறு எவரும் அன்று, திருச்சபையின் விசாரணை மன்றம். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் சிறையில் இருந்தனர். கத்தோலிக்கராய் மாறினால் விடுதலை என்றனர், அவர்கள் மாறவில்லை. பென்னின் வழக்கிலோ, பணியாத நடுவரைக் கண்டு சினந்த இலண்டன் நீதியதிகாரி, ஸ்பெயின் நாட்டு விசாரணை மன்றத்தின் மதிநலம் தமக்கு அப்போதுதான் விளங்குவதாகப் புகழ்ந்து பேசினார். கத்தோலிக்கரை வெறுத்த புராட்டஸ்டண்டு இங்கிலாந்து, அடக்குமுறை என்று வந்ததும் நம் தவற்றையே முன்மாதிரியாய்க் கொண்டது! இதைவிட நமக்கு வெட்கம் தரும் பாராட்டு எது?

குவேக்கர் பள்ளியொன்றில் மால்ட்டாச் சிறை நாடகமாகுமானால், அதில் விசாரணை அதிகாரியாய் வருபவர் கத்தோலிக்கக் குரு. அவ்வகுப்பில் நம் சபையைச் சேர்ந்த பிள்ளையும் இருக்கலாம். அப்பள்ளிகளில் பயில்வோரில் பலர் குவேக்கர் அல்லாதார். ‘எங்கள் மதத்தை இழிவுபடுத்துகிறார்கள்’ என்று பெற்றோர் கொதித்தெழ வேண்டுமா? வேண்டாம் என்பதே நம் பதில். உண்மை எதுவாயினும் அது கிறிஸ்துவுக்குப் பகையன்று. மனிதரை மனச்சான்றுக்கு மாறாக வற்புறுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில் கற்பித்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் புனித பேதுரு பெருங்கோவிலில், உண்மையின் பெயரால் திருச்சபையின் மக்கள் இழைத்த வன்முறைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். திருத்தந்தை முழந்தாளிட்ட இடத்தில், நாம் மட்டும் நிமிர்ந்து நின்று மறுப்புரை எழுதுவதா?

ஆனால் ஒன்றை நாம் உரிமையோடு கேட்கலாம்: நாடகம் முழுமையாக இருக்கட்டும். அந்த இரு பெண்களின் விடுதலைக்காக ஜார்ஜ் ஃபாக்சும் அவர் தோழரும் இலண்டனில் அணுகிய மனிதர் யார்? அரண்மனையில் பணிபுரிந்த தொபினி பிரபு என்னும் கத்தோலிக்கக் குரு. அவர் மால்ட்டாவுக்குப் பரிந்து எழுதினார், கதவு திறந்தது. சிறையிட்டதும் நம்மவர், சிறை திறக்க எழுதியதும் நம்மவர். அந்த விசாரணை அதிகாரியின் பாத்திரத்தையும், கடிதம் எழுதிய குருவின் பாத்திரத்தையும் ஒரே பிள்ளை ஏற்று நடித்தால் எவ்வளவு நன்று! ஒரே விசுவாசத்தைச் சொல்லிக்கொண்டு ஒருவர் பூட்டவும், இன்னொருவர் திறக்கவும் முடிந்தது எப்படி என்று அப்பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ளுமே!

கைம்மாறும் நிகழ்ந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. பென் 1701-இல் அளித்த உரிமைச் சாசனத்தின் நிழலில், பிலடெல்பியாவில் சேசு சபைக் குரு ஒருவர் 1733-இல் புனித சூசையப்பர் ஆலயத்தை நிறுவினார். ஆங்கிலேயச் சட்டப்படி கத்தோலிக்கத் திருப்பலிக்குத் தடை உண்டே என்று மறு ஆண்டு ஆட்சிக் குழுவில் கேள்வி எழுந்தது. ஆயினும் கோவில் மூடப்படவில்லை. பிற ஆங்கிலேயக் குடியேற்றங்களில் மறைந்து வழிபட்ட நம்மவர், குவேக்கர் நிறுவிய நகரில் கதவு திறந்து திருப்பலி கண்டனர். நன்றியும் வரலாற்றின் ஒரு பகுதிதான்.

எனவே, ஆறு சொற்களைச் சுவரினின்று அகற்றச் சொல்கிறோமா? இல்லை, இருக்கட்டும். அவற்றின் கீழே சில நாற்காலிகளைப் போடுங்கள். பன்னிரு நடுவரின் நாற்காலி, விண்ணப்பத்தை மடித்து வைத்தவரின் நாற்காலி, மால்ட்டா விசாரணை அதிகாரியின் நாற்காலி. ஒளிவட்டம் பூண்டோரின் நாற்காலிகளைக் கடைசியில் போடலாம், அவற்றுக்கு ஆள் குறையாது. பிள்ளைகள் முறைவைத்து ஒவ்வொன்றிலும் அமர்ந்து எழட்டும்.

நாமும்தான் அமர்ந்து பார்ப்போமே! ‘இப்போது காலம் கனியவில்லை’ என்று நாம் கண்ணியமாய் மடித்து வைத்திருக்கும் விண்ணப்பம் எது? நம் கூட்டத்தினின்று நாம் தூக்கி வெளியே விட்ட பெஞ்சமின் லே யார்? விடை சொல்ல அவசரம் வேண்டாம். சற்று மௌனமாய் இருப்போம்.